வீட்டைப் பிரிக்கும் முன்

புத்தலப்பட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய வீட்டில் பங்கு வைத்துக்கொண்டு, சென்னையிலும் வேலூரிலும் பெங்களூரிலும் குடியிருக்கும் பங்காளிகளுக்கு,

சித்தூர்–திருப்பதி சாலை அகலமானதிலிருந்து நம் பக்கத்தில் மனைக்கு விலை வந்துவிட்டது. தாத்தா காலத்து வீட்டை இனி யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. வந்த விலைக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். இடித்துக் காலிமனையாக்கி ஆளுக்கொரு துண்டு போட்டுக்கொள்ளலாம் என்கிறார் இன்னொருவர். பேச்சு முடிந்ததும் முதலில் வருகிறவர் பழைய மரம் வாங்குகிறவர். வாசக்காலையும் தூணையும் உத்திரத்தையும் விலை பேசி ஏற்றிக்கொண்டு போகிறார். பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியின் காகிதம் எடைக்குப் போகிறது. பிறகு ஜேசிபி வருகிறது. நூறு வருடம் நின்ற வீடு ஒரு பகலில் தரைமட்டம்.

இடிக்காதீர்கள் என்று உங்களைத் தடுக்க நான் இதை எழுதவில்லை. ஆள் இல்லாத வீட்டைக் கரையானும் மழையும் விட்டுவைக்காது. அதைத் தாங்கிப் பிடிக்கும் வசதி எல்லோருக்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: பிரிப்பதற்கு முன் அந்த வீட்டை முழுவதுமாக வாசித்துவிடுங்கள். நம் முன்னோரைப் பற்றி எழுத்திலும் பொருளிலும் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்தச் சுவர்களுக்குள்தான் இருக்கிறது. அது நம் குடும்பத்துக்கு மட்டும் உரிய செய்தியும் அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேறெங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். அயர்லாந்தின் கதையை இங்கே சொன்னால் நம் நிலைமை விளங்கும். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளினில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்து போனது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எடுத்த குடிக்கணக்குகளில் பெரும்பகுதி அந்தத் தீயில் போயிற்று. பிற்பாதியின் கணக்குகளை அரசே முன்னதாக அழித்திருந்தது. அப்படியிருந்தும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் ஐரிஷ் பேரன்கள் இன்றும் பாட்டனின் கிராமத்துக்கு வந்து வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். காரணம், 1847க்கும் 1864க்கும் இடையில் வரி போடுவதற்காக எடுத்த ஒரு மதிப்பீட்டில் எந்த வீட்டில் யார் குடியிருந்தார், யாருக்கு வாடகை கொடுத்தார் என்று ஊர் ஊராக எழுதியிருக்கிறார்கள். 1901, 1911 குடிக்கணக்குகள் மட்டும் முழுதாகப் பிழைத்தன. அவற்றில் வீட்டுக்கென்றே தனித் தாள் உண்டு: சுவர் கல்லா மண்ணா, கூரை புல்லா பலகைக்கல்லா, முன்பக்கம் எத்தனை ஜன்னல். பெயரில் குழப்பம் வந்தாலும் வீட்டைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

நம்மையும் அதே பிரிட்டிஷ் அரசுதான் ஆண்டது. 1871 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை இங்கேயும் தலை எண்ணினார்கள். ஆனால் எண்ணி முடித்ததும் வீட்டுவாரியாகப் பெயர் எழுதிய தாள்களை அழித்துவிட்டு மொத்தக் கணக்கை மட்டும் அச்சிட்டார்கள். நம் தாத்தாவின் தாத்தா அந்தக் கணக்குகளில் ஒரு எண்ணாக இருக்கிறார், பெயராக இல்லை.

நிலத்துக்குக் கணக்கு உண்டு. ரயத்துவாரி முறையில் சர்வே எண் போட்டு, பட்டாதாரர் பெயர் எழுதி, தீர்வை விதித்து, செட்டில்மென்ட் பதிவேடு அச்சிட்டார்கள். நிலம் இருந்தவர்களின் பெயர் அதில் கிடைக்கும். ஆனால் குடியிருப்புப் பகுதியை, அதாவது நம் பக்கத்தில் கிராம கண்டம் என்கிறோமே, தமிழ்நாட்டில் நத்தம் என்பது, அதைத் தீர்வை இல்லாத இடம் என்று மொத்தமாக ஒதுக்கிவிட்டார்கள். வயலின் வரப்பை அளந்தவர்கள் வீட்டின் வாசலை அளக்கவில்லை. அதனால்தான் நம்மில் பலருக்கு மூன்று ஏக்கர் புஞ்சைக்குப் பட்டா இருக்கிறது, தாத்தா பிறந்த வீட்டுக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இப்போது, 2020இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் டிரோன் பறக்கவிட்டு ஊருக்குள் இருக்கும் வீடுகளை அளக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் டிரோன் எடுக்கும் படத்தில் இன்று நிற்பது மட்டுமே தெரியும். நேற்று இடித்த வீடு அதில் காலிமனை.

ஆகவே வீட்டை நாம்தான் வாசிக்க வேண்டும்.

கூரையில் தொடங்குங்கள். மங்களூர் ஓடு என்றால் ஒன்றை இறக்கிப் பின்புறம் பாருங்கள். பாசல் மிஷன் என்ற பெயரும் 1865 என்ற வருடமும் இருந்தால், வீடு 1865இல் கட்டியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம் அது. பிற்காலத்தில் செய்த ஓட்டிலும் அதையே பொறித்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்கு மாறின. எனவே பாசல் மிஷன் பெயர் உள்ள ஓடு பெரும்பாலும் அந்தப் போருக்கு முந்தையது என்று கொள்ளலாம். அதிலும் ஒரு எச்சரிக்கை: ஓடு பழையது என்பதால் சுவரும் பழையது என்று சொல்ல முடியாது. இடித்த வீட்டு ஓட்டை வாங்கி மாட்டியவர்கள் உண்டு. கூரைவீடாக இருந்து பிறகு ஓட்டுவீடானவை அதைவிட அதிகம். சுவரின் மேல்விளிம்பில் பிற்பாடு உயர்த்திய வரிசை தெரிகிறதா என்று பார்த்தால் இது விளங்கிவிடும்.

வாசக்காலின் நெற்றிப் பலகையில் எண்ணெயும் மஞ்சளும் சுண்ணாம்பும் பாளம் பாளமாகப் படிந்திருக்கும். ஈரத்துணியால் மெதுவாகத் துடையுங்கள். சுரண்ட வேண்டாம். அங்கே வருடம் செதுக்கியிருக்கலாம். ஆங்கில வருடம் என்றால் சிக்கல் இல்லை. விரோதி, பார்த்திப என்று அறுபது வருடச் சுழற்சியில் இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். விரோதி 1889லும் வந்தது, 1949லும் வந்தது, 2009லும் வந்தது. ஓடும் மரமும் சுண்ணாம்பும் சேர்ந்து இவற்றுள் எது என்று சொல்லும். தமிழ்க் குடும்பமானாலும் தெலுங்குக் குடும்பமானாலும் வருடப் பெயர்கள் ஒன்றுதான். எழுத்து எந்த மொழியில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்று நாம் தமிழ் பேசுகிறோம், வாசக்காலில் தெலுங்கு இருக்கிறது என்றால் மூன்று தலைமுறைக்கு முன் வீட்டில் என்ன பேசினார்கள் என்று கேட்க வேண்டும். நம் சீமையில் இது அதிசயம் இல்லை. நைனா என்று அப்பாவையும் அவ்வா என்று பாட்டியையும் கூப்பிட்ட தமிழ்க் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ.

அடுத்து, பிற்காலத்தில் எழுப்பிய குறுக்குச் சுவர்கள். என் கணிப்பில் வீட்டின் வரலாற்றில் முக்கால் பங்கு இவற்றில்தான் இருக்கிறது. நடுக்கூடத்தின் குறுக்கே ஒரு செங்கல் சுவர், முற்றத்தைப் பாதியாக வெட்டிய ஒரு மண்சுவர், அடைத்துப் பூசிவிட்ட ஒரு வாசல், ஒரே வீட்டுக்குள் இரண்டு அடுப்பு மேடை. அண்ணன் தம்பி பாகம் பிரிந்த நாள் அது. செங்கல்லின் அளவும் பூச்சும் எந்தக் காலம் என்று கொத்தனார் ஒருவரை அழைத்துக் காட்டினால் சொல்லிவிடுவார். இரண்டு அடுப்புகளில் ஒன்று யாருடையது என்று கேளுங்கள். பேச்சுவார்த்தை இல்லாமல் போன ஒரு பெரிய தாத்தாவின் கிளை அங்கிருந்து புறப்பட்டிருக்கும். இரண்டு தலைமுறை கோபத்தில் அவர்கள் பெயரை நம் வீட்டில் உச்சரிக்காமலே விட்டிருப்பார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனவர்கள் அப்படிப் போனவர்கள்தான்.

சாமி மூலையைத் தனியாக, பெரியவர்களை வைத்துக்கொண்டு திறவுங்கள். திருமலைக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு நம் பக்கத்து வீடுகளில் இல்லாமல் இருக்காது. போக முடியாமல் நின்றுபோன வேண்டுதல்கள் உண்டு. காசைப் பிரித்தால் அதில் வருடம் இருக்கும். அந்த வருடத்துக்கு முன்னால் அந்த வேண்டுதல் நடந்திருக்க முடியாது. படம் எடுத்துவிட்டுக் காசைக் கொண்டுபோய் உண்டியலில் போட்டுவிடுங்கள். அது நம் கடன். குலதெய்வம் எது, எந்த ஊர் எல்லையில் இருக்கிறது, ஆடியிலா மாசியிலா பொங்கல் வைத்தார்கள் என்பதும் அந்த மூலையில்தான் தெரியவரும். ஒரே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறவர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை என்பது நமக்குப் பழக்கம். தெலுங்குக் குடும்பங்களில் அந்த வேலையை இண்டிபேர் என்னும் வீட்டுப் பெயர் செய்கிறது. ஊர் மாறினாலும் மொழி மாறினாலும் இவை இரண்டும் எளிதில் மாறுவதில்லை. சாதிப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு முன்னோரைத் தேடுகிறவர்கள் ஊர் முழுக்கச் சுற்றுவார்கள். குலதெய்வத்தைப் பிடித்தவர்கள் நேரே போய்ச் சேர்வார்கள்.

இனி காகிதம். டிரங்குப் பெட்டியில் இருப்பதில் எது முக்கியம் என்று நினைக்கிறீர்கள்? கிரயப் பத்திரத்தை எல்லோரும் பத்திரப்படுத்துகிறார்கள். மொய் நோட்டை எடைக்குப் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் மொய் நோட்டைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் பெயர், அவர் ஊர், அவர் வைத்த தொகை என்று வரிசையாக எழுதிய நோட்டு. தாய்மாமன் வீட்டார் முதல் வரிகளில், பெண் கொடுத்த ஊர்கள் ஒரே பக்கத்தில் சேர்ந்தாற்போல். நாற்பது வருட இடைவெளியில் இரண்டு நோட்டு கிடைத்தால், எந்த ஊர் உறவு தொடர்ந்தது, எது விட்டுப்போனது என்று முழுப் படமும் வந்துவிடும். கல்யாணப் பத்திரிகைகளும் அப்படியே. சுவரில் தொங்கும் படங்களின் பின்னட்டையைப் பிரித்துப் பாருங்கள். முட்டுக் கொடுக்க மடித்து வைத்த காகிதம் பழைய பத்திரிகையாகக்கூட இருக்கும்.

பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம். யாருக்கு யார் மகன் என்பதைச் சொல்லாமல் அதை எழுதவே முடியாது. பாக வழக்கு கோர்ட்டுக்குப் போயிருந்தால் பிராதுடன் வம்சாவளிப் படமும் போட்டிருப்பார்கள். நம் குடும்பத்துச் சண்டையால் நமக்குக் கிடைத்த நன்மை என்று ஒன்று உண்டானால் அந்தப் படம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பழைய பத்திரங்களில் பெண்பிள்ளைகள் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆந்திராவில் 1985 செப்டம்பர் 5 முதல்தான் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்புரிமை வந்தது. தமிழ்நாட்டில் அது 1989. அதற்கு முந்தைய காகிதத்தை மட்டும் நம்பினால் நம் அத்தைகளும் அத்தைப் பாட்டிகளும் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும். அந்த இடத்தை மொய் நோட்டும் வயதான பெண்களின் நினைவும்தான் நிரப்பும்.

உங்கள் வீட்டுப் பத்திரமே தொலைந்துவிட்டதா? பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். எந்தப் பத்திரத்திலும் செக்குபந்தி இல்லாமல் இருக்காது: கிழக்கே இன்னார் வீடு, மேற்கே தெரு, வடக்கே இன்னார் தொழுவம், தெற்கே இன்னார் களம். நம் தாத்தா தன் சொத்துக்கு எழுதியது அழிந்துபோனாலும், பக்கத்து மனைக்காரர் எழுதியதில் ஓர் எல்லையாக நிற்பார். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் ஆள் பெயருக்கு ஓர் அட்டவணையும் சொத்து இருக்கும் ஊருக்கு ஓர் அட்டவணையும் தனித்தனியாக உண்டு. ஊர் அட்டவணையில் தேடச் சொல்லுங்கள். கணினியில் வில்லங்கம் போட்டால் அண்மைக் காலம்தான் வரும். பழையதைக் கையால் தேடித் தரும்படி மனுக் கொடுக்க வேண்டும்.

எந்த ஆபீஸ் என்பதில் நம் ஆட்கள் படும் அலைச்சல் பெரிது. காரணம் எல்லைக்கோடுகள். 1911 வரை நம் பக்கம் வட ஆற்காடு ஜில்லா, அதற்குத் தலைநகரே சித்தூர். அந்த வருடம் ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி ஜில்லாவானது, வட ஆற்காட்டின் தலைமை வேலூருக்குப் போனது. 1953 அக்டோபர் 1 வரை எல்லோரும் சென்னை ராஜதானியில், பிறகு சென்னை மாநிலத்தில். அன்றிலிருந்து ஆந்திரா. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தாலுகாவும் சித்தூர், புத்தூர் தாலுகாக்களின் சில ஊர்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின, சத்தியவேடு பக்கம் இங்கே வந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது, புத்தலப்பட்டு சித்தூர் மாவட்டத்திலேயே நின்றது. ஊர் நகரவில்லை, காகிதம் நகர்ந்துகொண்டே இருந்தது. ஆகையால் 1911க்கு முந்தைய விஷயத்தை வட ஆற்காடு என்ற தலைப்பில், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். ஆந்திரத்து ஊருக்குத் தமிழ்நாட்டில் என்ன இருக்கப்போகிறது என்று திரும்பிவிடாதீர்கள். 1881இல் ஆர்தர் காக்ஸ் எழுதி 1895இல் ஹெரால்ட் ஸ்டூவர்ட் திருத்திய வட ஆற்காடு மாவட்டக் கையேட்டையும் புரட்டிப் பாருங்கள். குடும்பப் பெயர்கள் அதில் கிடைக்காது. அந்தக் காலத்து ஊர், பாளையம், பஞ்சம், தீர்வை எல்லாம் கிடைக்கும்.

கர்ணத்தின் கணக்குப் புத்தகங்கள் வேறு கதை. ஆந்திராவில் 1984 தொடக்கத்தில் கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை ஒரே உத்தரவில் எடுத்தார்கள். பரம்பரைப் பதவி ஒழிந்தது நல்லதே. ஆனால் பழைய கணக்கெல்லாம் ஒழுங்காகக் கைமாறியது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் வீடு கர்ணம் வீடாக இருந்திருந்தால், பரணில் கிடக்கும் மூட்டை உங்கள் குடும்பத்துடையது மட்டும் அல்ல, ஊருடையது. இன்னொன்று: 2020 டிசம்பரிலிருந்து ஆந்திராவில் நிலங்களை மறுபடி அளக்கிறார்கள். அளந்து முடித்த ஊர்களில் பழைய சர்வே எண் போய்ப் புது எண் வந்திருக்கிறது. பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் இன்றே எழுதி வைக்காவிட்டால், நாளைக்கு உங்கள் பேத்தி பழைய பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த நிலம் என்று தெரியாமல் நிற்பாள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

நம் ஊர்களிலிருந்து போனவர்கள் நாம் மட்டும் இல்லை. நமக்கு வெகுகாலம் முன்பே கப்பலில் போனவர்கள் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட டிரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். மொரிஷியஸுக்கு அதற்கு முன்பிருந்தே போனார்கள். பிஜிக்கு 1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்து ஆள் எடுத்தார்கள். அதிகம் பேரை அனுப்பிய ஜில்லாக்களில் நம் வட ஆற்காடு முன்வரிசையில் இருந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் ஆயாக்கள் சொன்னார்களே, அந்த 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு போனவர்கள் ஏராளம்.

கப்பலில் ஏற்றி அனுப்பியவர்கள் அவர்களைப் பற்றி எழுதி வைத்தது நம்மைப் பற்றி யாரும் எழுதாத அளவுக்கு நுணுக்கமானது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு. நேட்டாலின் அந்தப் பட்டியல்களை இன்று டர்பனில் உள்ள காந்தி–லூத்துலி ஆவண மையத்தின் வழியாகப் பார்க்கலாம். மொரிஷியஸில் மோகா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அங்கே போனவர்களுடைய புகைப்படங்களே இருக்கின்றன. பிஜிக்குப் போனவர்களின் அனுமதிச் சீட்டில் ஊரில் விட்டு வந்த நெருங்கிய உறவினரின் பெயர்கூட உண்டு. கூலிக்கு ஆள் கணக்கு வைத்தவர்கள் அடையாளத்துக்காக எழுதியவைதான் இவை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஐந்தாம் தலைமுறைப் பேரன் இன்று ஊர் தேடி வருகிறான்.

அவன் எங்கே போகிறான் தெரியுமா? வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும். காகிதத்தில் வட ஆற்காடு என்று இருக்கிறது. பிற்கால வரைபடங்களில் வட ஆற்காடு தமிழ்நாட்டுக்குள் முடிந்துவிட்டது. சித்தூர் தாலுகா என்று பக்கத்திலேயே எழுதியிருந்தாலும் அது இன்று வேறு மாநிலம் என்பதை அவனுக்கு யார் சொல்வது? அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்துவரத் தமிழ்நாடு அரசு நடத்தும் ‘வேர்களைத் தேடி’ பயணமும் அந்த எல்லைக்கு உட்பட்டதுதான். ஊர்ப் பெயரை எழுதிய குமாஸ்தாவின் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படி எழுதியிருப்பார். அதை உரக்கப் படித்துப் பார்த்து, நம் பக்கத்து உச்சரிப்போடு ஒப்பிட்டு, இது புத்தலப்பட்டு, இது பாக்காலா, இது ஐராலா என்று சொல்ல நம்மால்தான் முடியும்.

ஊர் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வந்து இறங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, எங்கள் வீடு எது என்பது. இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும். இரக்கப்பட்டோ ஆசைப்பட்டோ இடிந்த மெத்தை வீடு ஒன்றைக் காட்டி இதுதான் உங்கள் வீடு என்று சொல்லிவிடாதீர்கள். கப்பலேறியவர்களில் பலர் மெத்தை வீட்டில் பிறந்தவர்கள் இல்லை. அந்த வீட்டுத் திண்ணையில் ஏற அனுமதிக்கப்படாத குடும்பங்களிலிருந்து போனவர்கள் அவர்களில் நிறைய. அவர்களுடைய வீடு ஊருக்கு வெளியே, நாம் இன்று ஆதி ஆந்திரவாடா என்கிறோமே, அங்கே மண்சுவரும் புல்கூரையுமாக இருந்தது. அது என்றைக்கோ கரைந்துவிட்டது. பட்டா இல்லை, பத்திரம் இல்லை, மரம் வாங்குகிறவர் வந்து எடுத்துப்போகும் தூண் இல்லை.

அவர்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நம் வீட்டில் இருக்கிறது. நம் பெரிய தாத்தாவின் நெல் கணக்கில், படியாளுக்கு அளந்த மரக்கால் கணக்கில், கொடுத்த முன்பணத்துக்கு வாங்கிய கைநாட்டுச் சீட்டில் இருக்கிறது. நம் பத்திரத்தின் செக்குபந்தியில் வடக்கே இன்னாரின் குடிசை என்ற ஒரு வார்த்தையாக இருக்கிறது. அந்தக் கணக்குகளைப் பார்க்க நமக்கே கூசும். படிக்கு உழைத்தவர் எத்தனை வருடம் கடனில் இருந்தார் என்பது அதில் தெரியும். கப்பலேறக் காரணம் பஞ்சம் மட்டும் இல்லை, நாமும்தான் என்பது தெரியவரலாம். அதற்காகவே அதை எரித்துவிட்டால் இரண்டாம் முறை அநியாயம் செய்தவர்கள் ஆவோம். நம் வம்சத்தை நாம் தேடும்போது, அதே பக்கத்தில் இருக்கும் அவர்கள் வம்சத்தையும் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு நமக்கு இருக்கிறது. புத்தலப்பட்டுத் தொகுதி இன்று பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தொகுதி. ஓட்டுச்சீட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது, நூறு வருடத்துக்கு முந்தைய பெயர் மட்டும் நம் பரணில் பூட்டிக் கிடக்கிறது.

மறுகரையில் செத்துப்போனவர்களின் மிச்சப் பணத்தை வாரிசைத் தேடி ஊருக்கு அனுப்பும் முறை அந்தக் காலனிகளில் இருந்தது. அப்படி வந்த விசாரணைக் கடிதங்களை முன்சீப் வீட்டுக்குத்தான் அனுப்பியிருப்பார்கள். பழைய அரசாங்கக் கடிதம் எதையும் ஒன்றுமில்லை என்று எறிந்துவிடாதீர்கள்.

நம் ஊரில் தர்மராஜர் கோயிலில் பாரதம் சொல்லித் தீ மிதிக்கிறோம். டர்பனிலும் பிஜியிலும் மொரிஷியஸிலும் திரௌபதைக்குத் தீ மிதிக்கிறார்கள். திருப்பதியிலும் சித்தூரிலும் நாம் கும்பிடும் கங்கம்மாவை நேட்டாலில் கெங்கையம்மன் என்று கும்பிடுகிறார்கள். வந்தவருக்குக் காட்ட வீடு இல்லாவிட்டாலும், கோயிலையும் அவர்கள் முன்னோர் தண்ணீர் எடுத்த ஏரியையும் காட்டலாம். பொய்யான வீட்டைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. வீட்டை டேப்பால் அளந்து ஒரு படம் வரையுங்கள். எந்த அறையில் யார் இருந்தார், எந்தச் சுவர் எப்போது வந்தது என்று அதிலேயே எழுதுங்கள். வாசக்கால், தூண், ஓட்டு முத்திரை, அடுப்பு மேடை, கிணறு எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பெட்டிக் காகிதத்தை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, அசலைப் பருத்தித் துணியில் கட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் வியர்த்துக் கெட்டுவிடும். லாமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். முத்திரைத்தாளில் விக்டோரியா தலையா, எட்வர்டா, ஜார்ஜா என்பதைக் குறித்தால் தேதி அழிந்த பத்திரத்துக்கும் காலம் கிடைத்துவிடும். கொடுக்கல் வாங்கல் கணக்கின் பிரதி ஒன்றை ஊர்ப் பள்ளியிலோ சித்தூர் நூலகத்திலோ வையுங்கள். ஆதி ஆந்திரவாடாவில் படித்த பிள்ளைகளிடம் ஒன்றைக் கொடுங்கள். அவர்கள் கேட்டு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பாகப் பேச்சுக்கு ஆண்கள் மட்டும் கூடுகிறீர்கள் என்றால், அதற்கு முந்தின நாள் வீட்டில் பிறந்த பெண்களையும் வாழ வந்த பெண்களையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். எண்பது வயது அத்தையைக் கூடத்தில் உட்காரவைத்து, அறை அறையாகக் கைகாட்டிக் கேளுங்கள். யார் எங்கே படுப்பார், யாருக்கு எந்த மூலையில் பிரசவம் ஆனது, பிறந்து பெயர் வைக்கும் முன் போன குழந்தை எத்தனை, கோபித்துக்கொண்டு போனவர் யார், வெளியே நின்று கூழ் வாங்கியவர் யார். போனை ரெக்கார்டிங்கில் போட்டுவிட்டு நடுவில் பேசாதீர்கள். சுவர் நிற்கும்போது வரும் நினைவு சுவர் போனபின் வராது. ஆகவே மரம் வாங்குகிறவருக்குத் தேதி கொடுப்பதற்கு முன் அத்தைக்குத் தேதி கொடுங்கள்.

காட்பாடி–பாக்காலா வண்டியில் வந்தால் புத்தலப்பட்டு ஸ்டேஷனில் இறங்கலாம். ஆவணம் படிக்கத் தெலுங்கோ பழைய தமிழ்க் கையெழுத்தோ புரியவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், நானும் வந்து உட்காருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து ஊர்ப் பங்காளி